உப்பு பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்: சுகர் உள்ளவர்கள் கிட்னிக்காகச் சாப்பிடுவது எப்படி

அம்மாவுக்குச் சுகர் வந்து பதினேழு வருஷம். இத்தனை வருஷமும் காபியில் சர்க்கரை போட்டதில்லை, கல்யாண வீட்டில் ஜாங்கிரியை இலையோரம் ஒதுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார், தீபாவளிக்கு எங்களுக்கெல்லாம் அதிரசம் சுட்டுத் தருவார், தான் ஒரு விள்ளல்கூட வாயில் வைக்கமாட்டார். அப்படிப்பட்டவருக்குப் போன வருஷம் யூரின் டெஸ்டில் அல்புமின் (ரத்தத்திலேயே தங்கவேண்டிய ஒரு புரதம், கிட்னி பழுதானால் யூரினில் கசியும்) 180 என்று வந்தது. ரிப்போர்ட்டே மாறிப்போயிருக்கும் என்றார். டாக்டர் இனிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்பாட்டுக்குத் தொட்டுக்க என்னம்மா?" என்றார். மாவடு, மோர் மிளகாய், அப்பளம், ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் கருவாடு என்று அம்மா சந்தோஷமாக அடுக்க, அவர் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் பெரம்பூர் வீட்டுச் சமையலறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம், அதில் கற்றுக்கொண்டதுதான் இது. நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எதையும் இதைப் படித்துவிட்டுச் செய்யாதீர்கள்.

முதலில் ஒரு விஷயம். "கிட்னி டயட்" என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு பட்டியல் கிடையாது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, தக்காளி கூடாது, பருப்பு கூடாது, கீரை கூடாது, இளநீர் கூடாது என்று, அது கிட்னி ரொம்பவே பழுதாகி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டவருக்கான பட்டியல். அதை அல்புமின் லேசாக எட்டிப்பார்த்த ஒருவர் கையில் எடுத்தால், வெறும் ரசம் சாதத்தில் வந்து நிற்பார், மெலிந்துபோவார், சுகரும் ஏறும். இன்னொரு பக்கம், கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்றவேண்டிய ஒரு கழிவு) நார்மல் என்று நிம்மதியாக ஊறுகாய் ஜாடியைத் திறக்கிறவர்கள். இரண்டுமே தப்பு. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தட்டில் கை வைக்கவேண்டும்.

படியைக் கண்டுபிடிப்பது

இரண்டு டெஸ்ட் போதும். ஒன்று யூரினில் அல்புமின் - கிரியேட்டினின் விகிதம், லேபில் ஏ.சி.ஆர் என்று கேட்டால் தெரியும். இன்னொன்று ரத்தத்தில் கிரியேட்டினின், அதிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கும் இ.ஜி.எஃப்.ஆர், அதாவது கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு. டைப் 2 சுகர் என்றால் சுகர் என்று தெரிந்த அன்றே இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கவேண்டும். டைப் 1 என்றால் சுகர் வந்து ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆரம்பிக்கலாம்.

ஏ.சி.ஆர் 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை என்றால் கிட்னியின் வடிகட்டி கசிய ஆரம்பித்துவிட்டது. 300-ஐத் தாண்டினால் கசிவு பெரிது. ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், ஜுரம், யூரின் இன்ஃபெக்‌ஷன், முதல் நாள் கடுமையான உடற்பயிற்சி, மாதவிடாய் எல்லாமே அதை ஏற்றிக் காட்டும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து, இரண்டு தடவை அதிகம் என்றால்தான் கணக்கு.

கிரியேட்டினின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. ரிப்போர்ட்டில் 1.1 என்று இருக்கும், பக்கத்தில் நார்மல் என்றும் அச்சடித்திருக்கும். முப்பது வயது ஆணுக்கு 1.1 என்றால் இ.ஜி.எஃப்.ஆர் 90-க்கு மேலே வரும், கவலை இல்லை. அதே 1.1 அறுபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு என்றால் 55 பக்கம்தான் வரும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது, தசை குறைந்த வயதானவர்களுக்குக் குறைவாகத்தான் காட்டும். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது கிட்னி நோய் என்றே கணக்கு.

என் வசதிக்கு இதை மூன்று படியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். அல்புமினும் சரி, இ.ஜி.எஃப்.ஆரும் சரி என்றால் முதல் படி. அல்புமின் கசிகிறது அல்லது இ.ஜி.எஃப்.ஆர் 60-க்குக் கீழே லேசாக இறங்கியிருக்கிறது, ஆனால் பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்றால் இரண்டாம் படி, அம்மா இங்கேதான். இ.ஜி.எஃப்.ஆர் 30 பக்கம் வந்துவிட்டது அல்லது பொட்டாசியம் ஏறுகிறது என்றால் மூன்றாம் படி. டயாலிசிஸ் தனிக் கதை, அங்கே சாப்பாட்டு விதிகள் சிலது தலைகீழாகவே மாறும்.

இது நம் ஊருக்குத் தொலைவான விஷயம் இல்லை. சென்னையில் க்யூர்ஸ் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது, அதன் 2007-ஆம் வருஷக் கட்டுரை ஒன்றில், பரிசோதித்த சர்க்கரைக்காரர்களில் 26.9 சதவீதம் பேருக்கு அந்த முதல் கசிவு இருந்தது. நாலில் ஒருவருக்கு மேல். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறிகுறியும் இருந்திருக்காது, ஏனென்றால் கால் வீக்கமும் நுரை நுரையான யூரினும் கண்ணில் படும்போது காலம் ரொம்பவே கடந்திருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரு கிட்னியில் சுமார் பத்து லட்சம் குட்டி வடிகட்டிகள். இரண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் யூரினாக வெளியே விட்டு, மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் சுகர் அதிகமாக இருந்தால் அந்தச் சர்க்கரையைத் திரும்ப எடுக்கும்போது கூடவே சோடியத்தையும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். கடைசியில் வந்துசேரும் உப்பு குறைகிறதே, ரத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று கிட்னி தப்பாக நினைத்து, வடிகட்டிக்குள் வரும் ரத்தக்குழாயை அகலமாகத் திறந்துவிடும். உள்ளே அழுத்தம் ஏறும். மேட்டூரில் தண்ணீரைத் திறந்துவிட்டு வாய்க்கால் கரையைக் கவனிக்காமல் விட்ட மாதிரி, வருஷக்கணக்கில் அரித்து அரித்து ஒரு நாள் கசியும். ஒரே வேளையில் நிறைய கறி சாப்பிட்டாலும் அந்தக் குழாய் அகலத்தான் செய்யும். உப்பு பிபியை ஏற்றி, வெளியிலிருந்தும் அழுத்தும்.

ஆக, சுகர், உப்பு, அளவு மீறிய புரதம் மூன்றும் தட்டுகிற கதவு ஒன்றேதான். இதில் நாம் சுகரை மட்டும் எதிரி என்று வைத்துக்கொண்டோம்.

உப்பு: இது எல்லாப் படிக்கும்

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, கிட்னி டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். தோராயமாக ஒரு டீஸ்பூன், தலை தட்டினது. அதே க்யூர்ஸ் ஆய்வில் சென்னைக்காரர்கள் சராசரியாக 8.5 கிராம் சாப்பிடுவதாகத் தெரிந்தது.

"நாங்க உப்பு கம்மியாத்தான் போடுவோம்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள், நாங்களும் சொன்னோம். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று, அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள். தீர்ந்த அன்று நாட்களை எண்ணுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம், ஒரு கிலோ 50 நாள் வரவேண்டும். கடை ஊறுகாய், பிஸ்கட், மிக்சர், ஹோட்டல் இட்லி சாம்பார் எல்லாம் இந்த பாக்கெட்டில் சேராத உப்பு, அதனால் உண்மையில் 60 நாளைத் தாண்டவேண்டும். எங்கள் வீட்டில் முதல் பாக்கெட் 27 நாளில் காலி. ஆளுக்கு 9 கிராமுக்கு மேலே, அதுவும் கருவாட்டையும் கடை அப்பளத்தையும் கணக்கில் சேர்க்காமல். (மீன் கழுவுவதற்கும் திருஷ்டி சுற்றுவதற்கும் கல் உப்பைத் தனி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும்.)

அடுத்து, அந்த உப்பு எங்கே போகிறது என்று பார்த்தோம். நாம் சாப்பிடும் முறையிலேயே ஒரு சங்கதி இருக்கிறது: மதியம் குழம்பு சாதம், ரசம் சாதம், தயிர் சாதம் என்று மூன்று ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டிலும் வெள்ளைச் சாதத்துக்கு ருசி வர உப்புப் போட்ட ஒன்றை ஊற்றுகிறோம், கடைசி ரவுண்டுக்கு ஊறுகாய் வேறு. சாதம் எவ்வளவோ அவ்வளவு குழம்பு, குழம்பு எவ்வளவோ அவ்வளவு உப்பு. அதனால் சாதத்தைக் குறைத்தாலே சுகரும் குறையும், உப்பும் தானாகக் குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பதை நான் நிஜமாகப் பார்த்தது இங்கேதான்.

மூன்று ரவுண்டை நிறுத்தச் சொன்னால் அம்மா சாப்பாட்டையே நிறுத்திவிடுவார். எனவே ஒரு கப் சாதத்தை முதலிலேயே தட்டில் போட்டு, அதையே மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார். காய் இரண்டு வகை, கொஞ்சம் அதிகமாக. ரசத்தைச் சாதத்தில் ஊற்றாமல் அரை டம்ளர் மட்டும், அதில் உப்பு பாதி, மிளகும் எலுமிச்சையும் தூக்கலாக. தயிரில் உப்பே போடுவதில்லை, அதற்குப் பதில் தாளித்த கடுகு, இஞ்சி, கொத்தமல்லி. முதல் பத்து நாள் வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள், அப்பா "ஆஸ்பத்திரி சாப்பாடு" என்றார். நாக்கு பழக ஒரு மாதம் போல ஆகிறது, அதற்குப் பிறகு கல்யாண வீட்டு சாம்பார் கரிக்கிறது என்று அதே அப்பாதான் சொன்னார். ஒன்று சொல்கிறேன், நோயாளிக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் உப்பில்லாமல் வைக்காதீர்கள். அது இரண்டு வாரம்கூட நிலைக்காது, அவருக்கும் தண்டனை மாதிரி இருக்கும். வீட்டுக்கே குறையுங்கள், மீதிப் பேருக்கும் பிபி வராமல் இருக்கட்டும்.

ஊறுகாயை ஒழிக்கவேண்டியதில்லை என்றுதான் முதலில் நினைத்தோம், ஆனால் "கொஞ்சம்" என்பது எங்கள் வீட்டில் வேலைக்கு ஆகவில்லை. ஜாடி மேஜையில் இருந்தால் விரல் போகும். இப்போது ஞாயிறு ஒரு நாள். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான், சுட்டாலும் பொரித்தாலும் சோடியம் மாறாது. பஜ்ஜி போண்டாவின் சோடா உப்பு, ஃப்ரைட் ரைஸின் அஜினோமோட்டோ எல்லாமே சோடியக் கணக்கு. கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் ஒரு பங்கு உப்பு போகும், முழுசாகப் போகாது.

பாக்கெட் சாமான் வாங்கினால் பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, அதாவது அன்றைய கோட்டாவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அது எத்தனை கிராம் தின்பண்டத்துக்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அங்கேதான் ஏமாற்று வேலை.

இரண்டு மாற்று உப்புகளைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். இந்துப்பு நல்லது என்று பலரும் மாறுகிறார்கள். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், கிட்னிக்கு அதுவும் இதுவும் ஒன்று, அயோடின் மட்டும் போய்விடும். இன்னொன்று "லோ சோடியம்" உப்பு. இதுதான் ஆபத்து. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். கிட்னி பழுதானவர்களும், டெல்மிசார்டான், ராமிப்ரில் மாதிரி பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாமல் போகலாம், பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். டாக்டரிடம் கேட்காமல் அந்தப் பாக்கெட்டைத் தொடாதீர்கள். சொல்லப்போனால், அந்த மாத்திரைகளை அல்புமின் கசிவைக் குறைக்கவும் தருகிறார்கள், உப்பு அதிகம் சாப்பிட்டால் அவற்றின் வேலை குறைந்துவிடும். மாத்திரையையும் விழுங்கி மாவடுவையும் கடித்துக்கொண்டிருந்தார் அம்மா.

சுகர் பக்கம்

இது உங்களுக்குத் தெரிந்த பாடம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தட்டில் பாதி காய், கால் பங்கு சாதமோ சப்பாத்தியோ, கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் மாதிரி ஏதாவது ஒன்று. உருளைக்கிழங்கு பொரியல் காய்க் கணக்கில் வராது, அது சாதக் கணக்கு. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் ரத்தத்தில் சர்க்கரைதான். கேழ்வரகு நல்லது என்று கூழாகக் கரைத்து ஒரு சொம்பு குடித்தால் சுகர் வேகமாகத்தான் ஏறும், அதையே அடையாகவோ களியாகவோ அளவாகச் சாப்பிட்டால் கொஞ்சம் மெதுவாக ஏறும். மூன்று மாதச் சராசரியான ஹெச்.பி.ஏ.1.சி பலருக்கு 7 பக்கம் இருந்தால் சரி, வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார். பிபி 130-க்கு 80-க்குக் கீழே.

புரதம்: பயமும் வேண்டாம், பவுடரும் வேண்டாம்

கிட்னி என்றதும் பருப்பை நிறுத்துவது நம் ஊரில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சுகரும் கிட்னி நோயும் இருந்து டயாலிசிஸ் இல்லாதவர்களுக்கான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். அம்மாவுக்கு 60 கிலோ, எனவே 48 கிராம். ஒரு நாள் சாப்பாட்டை உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: காலையில் மூன்று இட்லிக்கு 6, சாம்பாருக்கு 3. மதியம் சாதம் 6, ஒரு கிண்ணம் பருப்பு 6, பொரியல் கூட்டு 3, தயிர் 4. சாயங்காலம் ஒரு கைப்பிடி சுண்டல் 5. நாள் பூராவும் காபிக்கான பால் 6. ராத்திரி இரண்டு சப்பாத்தியும் குருமாவும் 9. கூட்டினால் 48. குறைக்க ஒன்றுமே இல்லை! சைவச் சாப்பாட்டில் பலருக்கும் இவ்வளவுதான் வரும், இதற்கும் குறைவாகச் சாப்பிடுகிற அம்மாக்கள்தான் அதிகம்.

சிக்கல் எங்கே என்றால் ஞாயிற்றுக்கிழமை. 100 கிராம் வெந்த கோழிக்கறியில் 25 கிராம் புரதம். பிரியாணியில் நாலு துண்டு, பக்கத்தில் சிக்கன் 65, ஒரு முட்டை என்றால் ஒரே வேளையில் ஒரு நாள் கோட்டாவைத் தாண்டிவிடும், உப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். கறி சாப்பிடுகிறவர் கறியை விடவேண்டாம், உள்ளங்கையளவு இரண்டு மூன்று துண்டோடு நிறுத்தி, அன்றைக்குப் பருப்பையும் முட்டையையும் விட்டுவிடுங்கள். ஆட்டுக்கறியைவிட மீன் நல்லது. வஞ்சிரத்துக்குக் காசு கொட்டவேண்டாம், மத்தி போதும்.

ஜிம்முக்குப் போகும் பையன்கள் வீட்டில் வாங்கி வைக்கும் புரதப் பவுடரை "உடம்பு தேறட்டும்" என்று அப்பாவுக்கும் இரண்டு ஸ்பூன் கலக்கிக் கொடுக்கிறார்கள். ஒரு ஸ்கூப்பிலேயே 20 கிராமுக்கு மேல் புரதம். அல்புமின் கசிகிறவருக்கு அது வேண்டாம். ஆனால் டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும், அங்கே முட்டையை நிறுத்துவதுதான் தப்பு. எங்கள் பெரியப்பா டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டே பழைய பட்டியலைப் பிடித்துக்கொண்டு கஞ்சி குடித்தார், யாரும் சொல்லித்தரவில்லை, எலும்பும் தோலுமாகிப் போனார்.

பொட்டாசியம்: உங்கள் ரிப்போர்ட்டில் ஏறினால் மட்டும்

முதல் இரண்டு படியில் இருப்பவர்கள் கீரை, தக்காளி, கொய்யா எல்லாம் அளவாகச் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். காயும் கீரையும் பிபிக்கு நல்லது. ரத்தத்தில் பொட்டாசியம் 5-ஐத் தாண்டிப் போகிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பட்டியலைக் கையில் எடுக்கவேண்டும்.

எடுத்தால், இப்படி. முதலில் இளநீர். சென்னை வெயிலுக்கு ரோட்டோரம் வெட்டிக் கொடுக்கும் ஒரு இளநீரில் ஒரு வாழைப்பழத்துக்கும் மேலே பொட்டாசியம் இருக்கும். வாழைத்தண்டு ஜூஸ் கிட்னிக்கு நல்லது என்று காலையில் பார்க் வாசலில் விற்கிறார்கள், கல் அடைப்புக்காரர் குடிப்பதைப் பார்த்து மூன்றாம் படிக்காரரும் குடிக்கிறார், அதிலும் பொட்டாசியம் அதிகம். முருங்கைக்கீரை சூப்பும் அப்படியே. பழத்தில் ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி மாதிரி ஒன்று, ஒரு சின்னக் கிண்ணம்.

காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் கணிசமான பங்கு போய்விடும். இங்கேதான் நம் கைப்பழக்கம் குறுக்கே வருகிறது. வெந்த தண்ணீரில்தான் சத்து என்று அதை எடுத்து ரசத்தில் ஊற்றுவார்கள், வெளியே போன பொட்டாசியம் முன்வாசல் வழியாகத் திரும்பி வரும். கொட்டுங்கள், மனசு கேட்காவிட்டால் ஆறவைத்துச் செடிக்கு ஊற்றுங்கள்.

படியே பார்க்காமல் கிட்னி நோய் உள்ள எல்லோரும் விலக்கவேண்டியது ஒன்று உண்டு. தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் தடவி விற்கிறார்களே, ஐந்து முனையுள்ள நட்சத்திரப் பழம். அதில் இருக்கும் ஒரு நச்சைப் பழுதான கிட்னியால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கலில் ஆரம்பித்து வலிப்பு, கோமா வரை போகும்.

பாஸ்பரஸ் பற்றிக் கொஞ்சம். பருப்பிலும் தானியத்திலும் இருக்கும் பாஸ்பரஸ் ஒரு பகுதிதான் உடம்பில் சேரும். கோலா பானம், சாசேஜ், பிராசஸ் பண்ணின சீஸ் இதிலெல்லாம் சேர்க்கும் பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுசும் சேரும். எனவே முதலில் வெட்டவேண்டியது அவற்றைத்தான், துவரம்பருப்பை அல்ல.

தண்ணீர், வெயில், வயிற்றுப்போக்கு

"கிட்னியா? நிறைய தண்ணி குடிங்க" என்று ஆட்டோக்காரர் வரைக்கும் சொல்வார். முதல் படியில் தாகத்துக்குக் குடித்தால் போதும், சித்திரை வெயிலில் கொஞ்சம் கூடுதலாக. கால் வீங்கி, மூச்சு வாங்குகிறவருக்கு டாக்டர் தண்ணீரை அளந்துதான் கொடுப்பார், அவரைக் குடி குடி என்று வற்புறுத்தாதீர்கள். கோடையில் நீர்மோர் நல்லதுதான், உப்பில்லாமல்.

வாந்தி, பேதி வந்து எதுவும் சாப்பிட முடியாத நாளில் சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டி வரும்: மெட்ஃபார்மின், டாப்பாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரைகள், சில பிபி மாத்திரைகள், நீர் மாத்திரை. எதை, எத்தனை நாள் என்று நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பேதியோடு யாரைப் போய்க் கேட்பது. விரதம், நோன்பு இருப்பவர்களும் இதையே முன்கூட்டிக் கேட்கவேண்டும்.

மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாத்திரைகள் கிட்னிக்கு நேரடி அடி. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதாத லேகியம், பஸ்பமும் வேண்டாம், சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்திருக்கின்றன.

சுகர் தானாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள்

இதைத் தெரியாதவர்கள்தான் அதிகம். வருஷக்கணக்கில் 200-ஐ விட்டு இறங்காத சுகர், சாப்பாடும் மாற்றாமல் மாத்திரையும் மாற்றாமல் 110, 90 என்று இறங்க ஆரம்பிக்கும். பாகற்காய் ஜூஸ் வேலை செய்துவிட்டது என்று பெரியப்பா தெரு பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்சுலினை உடம்பிலிருந்து கழிப்பதில் கிட்னிக்கு ஒரு பங்கு உண்டு, கிட்னி களைத்துப்போனால் போட்ட இன்சுலினும் சில மாத்திரைகளும் உடம்பிலேயே அதிக நேரம் தங்கிவிடும், அதனால் இறங்குகிற சுகர் அது. காரணம் புரியாமல் சுகர் இறங்கினால் அந்த வாரமே இ.ஜி.எஃப்.ஆர் பாருங்கள். ரத்தசோகை இருக்கிற கிட்னி நோயாளிக்கு ஹெச்.பி.ஏ.1.சி-யும் தப்பாகக் காட்டலாம், விரலில் குத்திப் பார்ப்பதை விடாதீர்கள்.

லோ சுகர் வந்து வியர்த்து, கை நடுங்கினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 70-க்குக் கீழேயே நின்றால் இன்னொரு தடவை. நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பொட்டாசியம் ஏறியிருப்பவருக்கு ஆரஞ்சு ஜூஸ், இளநீர் கொடுக்காமல் சர்க்கரைத் தண்ணீரே கொடுங்கள்.

வெளியே சாப்பிடும்போது

சைதாப்பேட்டையில் வடகறியையும் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸையும் நிரந்தரமாக மறந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. எப்போதாவது சாப்பிடுங்கள், அன்றைக்கு வீட்டுச் சாப்பாட்டில் உப்பைக் கண்ணில் காட்டாதீர்கள். இட்லிக் கடையில் சாம்பாரை இட்லி மேலே ஊற்றிக்கொண்டால் ஒரு கரண்டிக்கு மூன்று கரண்டி போகும், கிண்ணத்தில் வாங்கித் தொட்டுச் சாப்பிட்டால் பாதி மிஞ்சும். மெரினா சுண்டல் பரவாயில்லை, மாங்காய்த் துண்டில் உப்பு மிளகாய்த்தூள் தூவும்போது கையைக் காட்டி நிறுத்துங்கள். கட்சிக்கூட்டப் பொட்டலப் பிரியாணியில் எவ்வளவு உப்பு என்று கடவுளுக்கே வெளிச்சம்.

கடைசியாக, டாக்டரையோ டயட்டீஷியனையோ பார்க்கப் போகும்போது நோயாளி மட்டும் போகாதீர்கள், வீட்டில் சமைக்கிறவரும் கூடப் போகவேண்டும். எங்கள் வீட்டில் சமைப்பதும் அம்மா, நோயாளியும் அம்மா, அதனால் நான் போகிறேன். மூன்று நாள் சாப்பிட்டதை ஒளிக்காமல் எழுதிக்கொண்டு போங்கள், பக்கத்து வீட்டில் கொடுத்த மைசூர்பாகு உட்பட. கேட்கவேண்டிய கேள்விகள்: என் ஏ.சி.ஆர் எவ்வளவு, போன தடவைக்கு இப்போது ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா? இ.ஜி.எஃப்.ஆர் எவ்வளவு? பொட்டாசியம் எவ்வளவு, அதற்காக எதையாவது நிறுத்தவேண்டுமா வேண்டாமா? என் எடைக்குப் புரதம் எத்தனை கிராம்? அடுத்த டெஸ்ட் எப்போது? பதிலை ஃபைலின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். எங்கள் ஃபைலில் அந்தப் பக்கத்துக்குக் கீழேயே உப்பு பாக்கெட் கணக்கும் இருக்கிறது: 27 நாள், 38 நாள், 51 நாள், 58 நாள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பாக்கெட்டைப் போன மாதம் 9-ஆம் தேதி பிரித்தோம்.